காட்டுத்தீயும் நம் பிள்ளைகளும்



ஸ்ரீராம்புரத்துச் சந்தில் நின்று காட்டுத்தீயைப் பற்றிப் பேசுவானேன் என்பீர்கள். சனி, ஞாயிறு வந்தால் மலையேறப் புறப்படுகிறவர்கள் நம் பிள்ளைகள்தாமே! 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், காய்ந்த புல்லில் பற்றிய தீ மலையேறச் சென்றோரில் 20-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. ஹெலிகாப்டர் வருமுன் ஓடிப்போய்ச் சுமந்து இறக்கியவர்கள் யார்? அந்த மலையடிவாரத்து உழைப்பாளி மக்கள்!

சரிவில் தீ மேல்நோக்கியே விரையும்; அதன் அனல் மேலுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுகிறது. ஆகவே உச்சியை நோக்கி ஓடாதீர்கள். புகை தெரிந்ததுமே பக்கவாட்டில் விலகி, வெறும்பாறைக்கோ எரிந்து தணிந்த தரைக்கோ போய்விடுங்கள். நைலான் சட்டை உருகித் தோலில் ஒட்டும், பருத்தியே உடுத்துங்கள்.

மலையேற நம்மிடம் கட்டணம் வாங்கும் அரசு, தீத்தடுப்புக் கோடு வெட்டும் தினக்கூலிகளுக்கு மாதந்தவறாமல் கூலி கொடுக்கட்டும்!