நத்தையை உண்ணும் ஒளிப்புழு
(குறிஞ்சிப்பிட்டிக் கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பயிரை அழிக்கும் புழுவைக் கண்டவிடத்துக் கொல்லுதல் நம் வழக்கம். ஆனால், தோட்டத்தில் ஊர்வன யாவும் நமக்குப் பகை அல்ல. நமது காலில் மிதிபட்டு மாளும் நண்பன் ஒருவனைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். அந்நண்பன் ஒளிப்புழு.

முதலில் அதன் இரையை நோக்குவோம். மாரி தொடங்கியதும் பூசணி, கத்தரி, மிளகாய் நாற்றுக்களை ஒரே இரவில் மொட்டையாக்கும் பெரிய ஆபிரிக்க நத்தையை நீங்கள் யாவரும் அறிவீர்கள். தூவல் முறையில் நீர் இறைக்கும் தோட்டங்களில் மண் இரவிலும் ஈரமாயிருப்பதால், கோடையிலும் அதற்குக் குறைவில்லை. அது இந்நாட்டுப் பிராணி அன்று. கிழக்கு ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. 1847இல் கல்கத்தாவுக்கும், 1900இல் அங்கிருந்து இலங்கைக்கும் மனிதராலேயே கொண்டுவரப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குள் களுத்துறைப் பகுதியிற் பெருகியமையால் ‘களுத்துறை நத்தை’ என்றும் பெயர் பெற்றது. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதாலும், ஒரு தடவையில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை மண்ணில் இடுவதாலும் அதன் பெருக்கம் மிகுதி.

இந்நத்தைக்கு நம் நாட்டிலேயே ஒரு பகைவன் உண்டு. அறிவியலார் அதனை லம்பிறிஜெறா தெனெபுரோசா என்பர். 1858இல் பிரான்சிசு வோக்கர் என்பார் இலங்கையிற் கிடைத்த பூச்சிகளை விவரித்தபோது இதற்குப் பெயரிட்டார். 1924இல் இந்நாட்டு விவசாயத் திணைக்களம் வெளியிட்ட அறிக்கை ஒன்றில், அட்சன், ஒஸ்ரின் ஆகிய இருவரும் இது களுத்துறை நத்தையின் பகைவன் என்பதை விளக்கி, இதன் வாழ்க்கை வரலாற்றை எழுதினர்.

இனி இதனை இனங்காணும் வகையைக் கூறுவேன். பெயர் புழுவாயினும் இது வண்டினத்தைச் சேர்ந்தது. மின்மினிக்கு நெருங்கிய உறவு.

நத்தையை உண்பது இதன் இளம்பருவமாகிய புழு. உடல் நீண்டு தட்டையாய், கருமையாகவோ கருங்கபில நிறமாகவோ இருக்கும். முதுகில் ஓடு வேய்ந்த கூரைபோலத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியிருக்கும். தலை மிகச் சிறியது. தீண்டினால் முன் தகட்டின் கீழ் ஒளிந்துகொள்ளும். மார்புப் பகுதியில் ஆறு கால்கள் மாத்திரம் உண்டு. வாலின் அடிப்புறத்தில் இரு ஒளிப்புள்ளிகள் இருக்கும்.

வளர்ந்த பெண்ணுக்கு இறகு இல்லை. வெளிறிய மஞ்சள் நிறத்துடன் பெரிய புழுவைப் போலவே தோன்றி, நிலத்தில் இருந்தபடியே ஒளி வீசும். ஆணுக்கு இறகும் பெரிய கண்களும் உண்டு. அது இருளில் அவ்வொளியைத் தேடிப் பறந்து வரும்.

வேறு பிராணிகளோடு இதனை மயங்காதிருத்தல் வேண்டும். பூரானுக்கு உடல் நெடுகக் கால்கள் உண்டு. மரவட்டை உருண்டையான உடலுடையது, தீண்டினால் சுருளும். நாற்றை அடியில் வெட்டும் புழுவுக்கு மென்மையான தோலும், வயிற்றின்கீழ்ச் சதைக்கால்களும் உண்டு. முதுகில் தகடும், முன்புறம் ஆறு கால்களும், வாலில் ஒளியும் ஒருங்கே கண்டால் அது ஒளிப்புழுவே. பகலில் ஐயம் எழுந்தால், ஒரு போத்தலில் இட்டு இருட்டறையில் வைத்துப் பாருங்கள். ஒளி தென்பட்டதும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

அவ்வொளி நெருப்பு அன்று. உடலிலுள்ள லூசிபெரின் என்னும் பொருள், ஒரு நொதியத்தின் உதவியால் ஒட்சிசனுடன் சேரும்போது வெப்பம் இன்றி உண்டாகும் ஒளி அது. கையைச் சுடாது.

அரிவாள் போன்ற தாடைகளால் நத்தையைக் கடித்து, நச்சுநீரைச் செலுத்தி, அதன் சதையைக் கூழாக்கி உண்பது இப்புழுவின் இயல்பு. உண்டு முடிந்ததும், வாலிலுள்ள தூரிகை போன்ற உறுப்பால் உடலிற் படிந்த சளியைத் துடைத்துக்கொள்ளும். பயிரின் இலையையோ வேரையோ இது தீண்டுவதில்லை.

விவசாயப் பாடசாலையிற் பயின்ற காலத்தில், நாற்றுமேடையின் அருகே இத்தகைய புழுக்கள் மூன்றைக் கண்டேன். நாற்றைத் தின்பவை என்று எண்ணி, மூன்றையும் மண்வெட்டியால் வெட்டினேன். பின்னர் அவ்விடத்தைக் கிளறியபோது வெறும் நத்தை ஓடுகள் பல கிடந்தன. எனக்காக வேலை செய்தோரையே கொன்றேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அந்தப் பிழை உங்களுக்கு நேரலாகாது என்பதற்காகவே இதனைக் கூறுகின்றேன்.

ஒளிப்புழு ஒன்றே நத்தைத் தொல்லையைத் தீர்த்துவிடும் என நான் கூறமாட்டேன். நத்தை பெருகும் வேகம் அதிகம்; இப்புழு வளர்வதோ மெதுவாக. ஆகவே நமது முயற்சியும் சேர்தல் வேண்டும்.

ஒன்று: இரவிலும் விடியற்காலையிலும் மின்சூளுடன் சென்று நத்தைகளைப் பொறுக்குங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். மூளைச் சவ்வைத் தாக்கும் நோயை உண்டாக்கும் நுண்புழுவை நத்தை சுமக்கக்கூடும். பொலித்தீன் உறையைக் கையில் மாட்டி எடுத்து, வாளியிலுள்ள உப்புநீரில் இட்டுக் கொல்லுங்கள். அந்நீரைக் கிணற்றருகிலோ பாத்தியிலோ ஊற்றாதீர்கள். மணற்பாங்கான இந்நிலத்தில் ஊற்றியது விரைவில் நிலத்தடி நீரைச் சேரும்.

இரண்டு: நாற்றுமேடையைச் சுற்றிச் சருகும் கல்லும் இன்றித் துப்புரவாக வைத்திருங்கள். தோட்டத்தின் கடைசி வேலியோரத்தில் மாத்திரம் சருகு மூடிய ஈரமான ஒரு துண்டு நிலத்தைக் கிளறாமலும் எரிக்காமலும் விடுங்கள். ஒளிப்புழு தங்க இடமும் கிடைக்கும்; நாற்றும் தப்பும்.

மூன்று: பூச்சிமருந்தைத் தேவையான பாத்திக்கு மட்டும், தேவையான அளவில் இடுங்கள். வேலியோரத்திற்கு விசிறும் மருந்து பகைவனையும் நண்பனையும் பிரித்தறியாது. நத்தைக்கு இடும் மெற்றல்டிகைட் குளிசையை நாயும் கோழியும் உண்ணாதபடி மறைவாக வைத்தல் அவசியம்.

நான்கு: வேலியோரத்தில் இரவு முழுவதும் மின்விளக்கை எரியவிடாதீர்கள். அவ்வெளிச்சத்தில் ஆண் வண்டு பெண்ணின் சிற்றொளியைக் காணாது தவறிவிடும்.

நெற்காணி உடையோரும் வரப்புப் புல்லைக் களைகொல்லியால் முற்றாகக் கருக்காமல், வெட்டித் தாழ்த்துவதே நன்று. மின்மினி இனத்துப் புழுக்கள் தங்குவது இத்தகைய ஈரமான புல்லடியிலேயே.

இறுதியாக ஒரு செய்தி. இதே ஆபிரிக்க நத்தையை அழிக்கவென்று 1955இல் அவாய்த் தீவுகளுக்கு அமெரிக்க நாட்டு ஊனுண்ணி நத்தையொன்று கொண்டுவரப்பட்டது. அது அத்தீவுகளுக்கே உரிய மரநத்தைகளைத் தின்று, பல இனங்களின் அழிவுக்குக் காரணமாயிற்று. அந்நாட்டார் கடல்கடந்து தேடிய காவலன், நம் நாட்டில் மண்ணோடு மண்ணாகவே வாழ்கின்றான். அவனை வாங்க வேண்டியதில்லை, கொல்லாதிருந்தாற் போதும்.

இன்றிரவு உங்கள் வேலியோரத்தில் மின்சூளை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் நில்லுங்கள். நிலத்தில் அசையும் ஒளியொன்றைக் கண்டால், அவ்விடத்தில் ஒரு தடியை நட்டு அடையாளமிட்டு, மறுநாள் எனக்கு அறிவியுங்கள். நான் வந்து பார்ப்பேன்.