சம்மன் வந்தால் போனை எடுங்கள்



கேம்பல் பேயில் ஓர் அம்மா. கடன் பாக்கி என்று போர்ட் பிளேர் கோர்ட்டிலிருந்து அவருக்குச் சம்மன் வருகிறது. கடனை அடைத்தாயிற்று. ரசீதும் இருக்கிறது. வக்கீல்தான் இல்லை.

போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. தூரம் மாறவில்லை. 500 கிலோமீட்டருக்கு மேல் கடல். அம்மா சம்மனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார். அங்கேதான் ஆபத்து! பதில் கொடுக்கப் பொதுவாக 30 நாள்தான் தவணை. யாரும் போகாவிட்டால் அவர் இல்லாமலே தீர்ப்பாகலாம். ரசீது பெட்டியிலேயே கிடக்கும்.

15100க்குப் போன் செய்யலாம். இது தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண். காசு கிடையாது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வருமானம் பார்ப்பதில்லை. பழங்குடியினருக்கும் அப்படியே.

2017இல் வந்த டெலி-லா திட்டத்தில், பொதுச் சேவை மையத்தில் உட்கார்ந்து வீடியோவில் வக்கீலிடம் யோசனை கேட்கலாம். அது யோசனை மட்டும்தான். கோர்ட்டில் வாதாட வக்கீல் வேண்டுமானால் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் கடலடிக் கேபிள் 2020இல் பெரிய நிக்கோபாரையும் தொட்டது.

பேசும்போது சம்மன் கையில் இருக்கட்டும். கோர்ட்டின் பெயர், வழக்கு எண், தேதி மூன்றையும் கேட்பார்கள். அம்மாவே படித்துச் சொல்லலாம். இப்போதுதான் அவருக்கு எழுத்துத் தெரியுமே!