பெயரைக் கேட்டு எழுதுங்கோ

(கடந்த ஓகஸ்ற் மாதம் எமது சங்க மண்டபத்தில், ஊடகவியல் முதுமாணிப் படிப்பைத் தொடங்கவிருந்த இலண்டன் வாழ் மாணவர்களுக்காக ஒழுங்குசெய்யப்பட்ட மாலைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுவழக்கு ஓரளவு அப்படியே விடப்பட்டுள்ளது.)



தலைவர் என்னை அறிமுகம் செய்தபோது "மூத்த பத்திரிகையாளர்" என்று சொன்னார். அது கொஞ்சம் கூட. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் ஒப்புநோக்குநராக இருந்தவன். இங்கே வந்தபின் பகலில் பெற்றோல் ஸ்ரேசன், இரவில் தமிழ்ப் பத்திரிகை என்று சில வருடங்கள் ஓடின. பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தவனல்ல. ஆனால் என்னுடைய மகளின் முதுமாணிப் படிப்பு முழுவதும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் நடந்தது. அவளுடைய புத்தகங்களை அவளைவிடக் கூடுதலாக நான்தான் வாசித்தேன் என்று அவளே சொல்லுவாள்.

இந்த நாட்டில் பத்திரிகைத் தொழிலைப் பட்டப்பின்படிப்பாகக் கற்பிக்கத் தொடங்கியது 1970இல்தான். கார்டிஃப் நகரில், பிக்ஷர் போஸ்ற் சஞ்சிகையின் ஆசிரியராக இருந்த ரொம் ஹொப்கின்சன் அதைத் தொடங்கினார். அதற்கு முன்னரெல்லாம் பள்ளிக்கூடத்தை விட்டு நேரே ஒரு ஊர்ப் பத்திரிகையில் சேர்ந்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துத்தான் தொழில் பழகினார்கள். நாங்களும் அப்படித்தான். இப்போது பன்னிரண்டு மாதத்திற்குள் எல்லாம் முடிய வேண்டும். முதல் தவணை தொடங்கி இரண்டாம் கிழமையே "வெளியிலே போய் ஒரு செய்தி கொண்டு வா" என்று அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் வகுப்புக்கு முன்னர் இருக்கும் இந்த ஐந்து கிழமையும் பெறுமதியானவை. விடுமுறைதானே என்று கட்டிலில் கிடக்கவேண்டாம்.

முதலாவது சுருக்கெழுத்து. "ரெலிபோனில் பதிவு செய்யலாம்தானே மாமா?" என்று போன கிழமை ஒரு தம்பி கேட்டார். நீதிமன்றத்திற்குள் செய்யேலாது தம்பி. 1981ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் அங்கே ஒலிப்பதிவு செய்வதே அவமதிப்பு. அங்கே உங்களிடம் இருப்பது பேனையும் கையும்தான். இங்கே பெரும்பாலானோர் பழகுவது ரீலைன் முறை. ஜேம்ஸ் ஹில் என்ற சுருக்கெழுத்து ஆசிரியர் 1968இல் வெளியிட்டது. நிமிடத்துக்கு 100 சொல் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் அளவுகோல். அந்த வேகம் ஒரு மாதத்தில் வராது. ஆனால் எழுத்துக்களை இப்போதே பழகிவிட்டால், மற்றவர்கள் தடுமாறும் மாதத்தில் நீங்கள் வேகத்திற்கு ஓடலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கோ. ரீலைனில் சொல்லின் நடுவில் வரும் உயிரெழுத்துக்களை விட்டுவிடுவார்கள். இங்கிலீசுச் சொல்லுக்கு அது சரி. எங்கட பேர்களுக்குச் சரிவராது. கமலாவும் கோமளாவும் ஒரே கோடாகிவிடும். பெயர் வந்தால் வேகத்தை மறந்து, முழுதாக, பெரிய எழுத்தில் எழுதுங்கோ.

இரண்டாவது சட்டம். மக்நே என்பவரின் பெயரில் 1954 முதல் வெளிவரும் பத்திரிகையாளர் சட்ட நூல் ஒன்று உண்டு. எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள். பழைய பதிப்பை வாங்கிக் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம், சட்டம் மாறிக்கொண்டே இருக்கும். அதை வைத்துக்கொண்டு மூன்று நாள் காலையில் பக்கத்து நீதவான் நீதிமன்றத்தில் போய் இருங்கோ. பொதுமக்களுக்கான ஆசனத்தில் யாரும் இருக்கலாம், காசு இல்லை. எங்கட ஆக்களுக்கு நீதிமன்றம் என்றாலே வயிற்றைக் கலக்கும். குற்றம் செய்தவன்தான் அந்தப் படி ஏறவேண்டும் என்ற நினைப்பு. அந்தக் கூச்சம் முதல் தவணைக்கு முன்னரே போகட்டும். அதுபோலவே உங்கள் பகுதிக் கவுன்சில் கூட்டம் ஒன்று. பத்திரிகையாளரும் பொதுமக்களும் அந்தக் கூட்டங்களுக்குப் போகும் உரிமையை உறுதிசெய்த 1960ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் யாரென்று தெரியுமோ? மார்கிரட் தட்சர். பாராளுமன்றத்தில் அந்த அம்மாவின் கன்னிப்பேச்சே அதுதான்!

இனி நான் சொல்ல வந்த விசயத்திற்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் எனக்கு முதலில் தந்த வேலை மரண அறிவித்தல். இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் ஆருயிர்க் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று ஒரு அறிவித்தலில் முப்பது நாற்பது பெயர் வரும். தலையங்கத்தில் பிழை விட்டால் ஒருவரும் கேட்கமாட்டினம். மரண அறிவித்தலில் ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால், அடுத்த நாள் காலமை கதவு திறக்க முன்னம் குடையோடு ஒருவர் வாசலில் நிற்பார். பெயர் என்பது ஆளின் சொத்து என்று அங்கேதான் படித்தேன்.

இங்கே வந்தால் வேறு குழப்பம். கடவுச்சீட்டில் தகப்பன் பெயரும் பிள்ளையின் பெயரும் இடம் மாறிக் கிடக்கும். இங்கிலீசுப் பத்திரிகை, பத்து வருடத்திற்கு முன்னர் செத்துப்போன தகப்பனை "மிஸ்ரர்" போட்டு, அவர்தான் கடை உடைபட்டதைப் பற்றிப் பேசினார் என்று எழுதும். உங்கள் வகுப்பில் இதைத் திருத்தத் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். எப்படிக் கூப்பிடுவது, எப்படி எழுதுவது என்று கேளுங்கோ. எழுதியதை அவரிடமே காட்டி, "சரியோ?" என்று கேளுங்கோ. அதில் வெட்கம் இல்லை.

ஆனால் எழுதக்கூடாத பெயரும் இருக்கிறது.

1998இல் நான் ஒரு சிறிய பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அது நின்றுபோய் வெகுகாலம். கிழக்கு இலண்டனில் ஒரு அறையில் நாலு பேருடன் இருந்த ஒரு இளைஞனின் கதையை எழுதினேன். விசா முடிவுக்காகக் காத்திருந்தவர். அவரின் பெயரைப் போடவில்லை. ஒரு எழுத்தும் மூன்று புள்ளியும் போட்டேன். பெயரை மறைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை. ஆனால் கதைக்கு உயிர் வேண்டுமென்று ஊரின் பெயரைப் போட்டேன், தகப்பனின் உத்தியோகத்தைப் போட்டேன், மூன்று ஆண்பிள்ளைகளில் இவர் நடுவில் என்றும் எழுதினேன். (இன்றைக்கும் அந்த விபரங்களில் ஒன்றிரண்டை மாற்றித்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.) அந்த ஊரில் அந்த உத்தியோகம் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். பத்திரிகை எப்படியோ ஊருக்குப் போய்விட்டது. இன்ரநெற் பரவலாக இல்லாத காலம், யாரோ பெட்டியில் சாமான் சுற்றிக் கொண்டுபோயிருக்கலாம். இரண்டு மாதத்தில் அவருடைய தாயாரைக் காம்புக்கு வரச் சொன்னார்கள். மூன்று தடவை. மூன்றாம் தடவை பின்னேரம்வரை வெயிலில் நிற்க வைத்தார்களாம்.

அவர் என்னிடம் வந்தார். சண்டை பிடிக்கவில்லை. "அண்ணை, நான் உங்களுக்குத்தானே சொன்னனான். பேப்பருக்குச் சொல்லேல்லையே" என்றார். அவ்வளவுதான். கதைத்துக்கொண்டிருந்தபோது நான் எப்போது பேனையை எடுத்தேன் என்பது எனக்கே நினைவில்லை. எழுதுகிறேன் என்று அவரிடம் சொன்னதாகவும் நினைவில்லை.

பின்னர் மகளின் புத்தகத்தில் பார்த்தேன், இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாடும் ஒட்டுப்படம் போல, துண்டுகளைப் பொருத்தி ஆளை அடையாளம் காணுதல். நீங்கள் ஒரு துண்டு போடுவீர்கள், மற்றப் பத்திரிகை இன்னொரு துண்டு போடும், இரண்டையும் சேர்த்தால் முகம் தெரிந்துவிடும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவருக்கு இந்த நாட்டுச் சட்டம் ஆயுள் முழுவதும் அடையாளப் பாதுகாப்புக் கொடுக்கிறது. அங்கே பெயரை விட்டால் மட்டும் போதாது, ஆளைக் காட்டிக்கொடுக்கும் எந்த விபரமும் வரக்கூடாது. இதைச் சோதனைக்காகப் பாடமாக்குவீர்கள். நான் ஒரு தாயின் கணக்கில் படித்தேன்.

இங்கே இருக்கிற சில தாய்மாருக்கு வேறு பயம். "நிமலராஜனுக்கு நடந்தது தெரியாதோ, எதுக்கு இந்தப் படிப்பு?" என்று ஒரு அக்கா என்னிடம் கேட்டார். தெரியும். பிபிசிக்குச் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000ஆம் ஆண்டு ஒக்ரோபர் 19ஆம் திகதி, ஊரடங்கு நேரத்தில், யாழ்ப்பாணத்தில் சொந்த வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். அங்கே எழுதினவர் செத்தார் அக்கா. இங்கே எழுதுகிறவருக்கு அநேகமாக ஒன்றும் வராது. சொன்னவருக்குத்தான் வரும், அதுவும் அவருடைய வீட்டாருக்கு, ஐயாயிரம் மைலுக்கு அப்பால். அதனால்தான் பிள்ளையள் கூடக் கவனமாய் இருக்கவேணும்.

கவனமாக இருக்கலாம் என்பதற்கும் ஆள் இருக்கிறது. வில்லியம் குட்வின் என்ற பெடியன் 1989இல் தி எஞ்சினியர் என்ற சஞ்சிகையில் பயிற்சி நிருபராகச் சேர்ந்து சில மாதம்தான். ஒரு கொம்பனியின் பண நெருக்கடி பற்றி யாரோ ரெலிபோனில் தகவல் சொன்னார்கள். சொன்னது யார் என்று நீதிமன்றம் கேட்டது. சொல்லமாட்டேன் என்றார். 5,000 பவுண் தண்டம். அவர் விடவில்லை, 1996இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உங்கள் வயதுதான் இருந்திருக்கும். அவருக்கு இருந்தது குறிப்புப் புத்தகமும் வாயும்தான். உங்களுக்கு ரெலிபோன் இருக்கிறது, அதில் எல்லாப் பேரும் இலக்கமும் இருக்கிறது. அதை ரியூபில் விட்டுவிட்டு வராதேங்கோ. குறிப்புப் புத்தகத்தில் திகதி போடுங்கோ, எறியாதேங்கோ. அவதூறு வழக்குப் போட ஒரு வருட அவகாசம் உண்டு.

செலவைப் பற்றிப் பெற்றோர் கேட்டிருந்தீர்கள். முதுமாணிப் படிப்புக்கு 2016 முதல் இங்கிலாந்தில் அரசாங்கக் கடன் உண்டு, ஆனால் எல்லா விசாவுக்கும் இல்லை. கூட்டம் முடிய, செயலாளரிடம் கடிதங்களோடு வந்து கதையுங்கோ.

கடைசியாக ஒன்று. இந்த வரிசையில் இருக்கும் தங்கச்சி ஒருவர், புகலிடம் கேட்டுக் காத்திருக்கும் எங்கட ஆக்களைப் பற்றித் தன்னுடைய இறுதி ஆய்வைச் செய்யப்போகிறார். இரண்டு மாதமாக என்னிடம் ஆக்களின் இலக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் கொடுக்கவில்லை, அவர் என்னோடு கோபம் என்றும் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை நான் அந்த 1998ஆம் ஆண்டுத் தம்பியிடம் போனேன். இப்போது அவருக்கு விசா இருக்கிறது, மூன்று பிள்ளைகள். தாயார் காலமாகிவிட்டார். ஒரு மாணவி வந்து கதைக்கலாமோ என்று கேட்டேன். கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறிப்போச்சு.

பிறகு சொன்னார்: "வரட்டும் அண்ணை. ஆனா வந்து இருந்த உடனே பேனையை மேசையில எனக்குத் தெரியிற மாதிரி வைக்கச் சொல்லுங்கோ. எடுக்க முதல் என்னைக் கேக்கச் சொல்லுங்கோ."

தங்கச்சி, இலக்கம் என்னிடம் இருக்கிறது. தேத்தண்ணி நேரத்தில் வாருங்கோ.