தொடை மரத்தால் எங்கே பார்க்க வேண்டும்?

விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டம் போகிறவர்கள் இருக்கிறார்கள். வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்கு லாரி ஓட்டுகிறவர்களும், நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கிற பெண்களும் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவர் "தொடை மதமதன்னு கிடக்குது, கிள்ளினாலும் தெரியலை" என்றால், "அது வாயு" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். முடிக்காதீர்கள். எந்த இடம் மரக்கிறது என்று கேளுங்கள்.

தொடையின் வெளிப்பக்கம் மட்டும் மரத்து எரிகிறதா? காலில் பலம் குறையவில்லையா? அப்படியானால் முதுகில் கோளாறே இல்லாமலும் இருக்கலாம். இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டி ஒரு நரம்பு தொடைக்கு இறங்குகிறது. அதன் வேலை தொடு உணர்ச்சி மட்டுமே. லுங்கிமேல் இறுக்கிய பெல்ட், இறுக்கக் கட்டிய பாவாடை நாடா, தொந்தி, கர்ப்பம் எல்லாம் அதை நெருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும் இது வரும். 1895இல் நரம்பு மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்ட் தமக்கே இது வந்ததை எழுதியிருக்கிறார். கட்டைத் தளர்த்தி, எடையைக் குறைத்தாலே பலருக்குக் குணமாகிவிடும்.

முதுகிலிருந்து வருவது வேறு மாதிரி. குனிந்தபடி நெடுநேரம் உட்கார்ந்தால் முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டில் அழுத்தம் கூடும். வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால், தொடையின் முன்பக்கம் மரத்து, படியிறங்கும்போது முழங்கால் மடங்கும். இன்னும் கீழே உள்ள வட்டு என்றால், பின்தொடை வழியாகப் பாதம்வரை சுரீரென்று இழுக்கும். இருமினாலும் தும்மினாலும் கூடும்.

மரத்த இடத்தில் சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டாம். சூடு உறைக்காது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். அரைமணிக்கொரு தடவை எழுந்து நாலு எட்டு நடங்கள். ஓட்டுநர்கள் டீயை வண்டிக்கு வெளியே நின்று குடியுங்கள். தரையில் உட்காருகிறவர்கள் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

சிலவற்றுக்கு மட்டும் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. மலம், சிறுநீர் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது, தெரியாமலே மலம் போவது, கால் திடீரென்று தொய்வது. இவற்றில் ஒன்று வந்தாலும் இரவானாலும் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தாமதித்தால் நிரந்தரமாக முடங்கிப்போகலாம்.

மற்றவர்களும் சில வாரங்களில் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒருநாள் கூலி போகுமே என்று தள்ளிப்போட வேண்டாம். கூலிக்குப் போக அந்தக் கால்தான் வேண்டும்.