பிள்ளைகளின் முதுகைக் கவனிப்போம்

(நமது டிரஸ்ட் நடத்திய பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





சில மாதங்களுக்கு முன் ஒரு குடும்பம் மருத்துவ உதவி கேட்டு மனு கொடுத்தது. 15 வயதுப் பெண் பிள்ளை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, ஆபரேஷன் வரை வந்துவிட்டது. எப்போது தெரிந்தது என்று கேட்டேன். “மூணு வருஷமா தெரியும் பாய். வெளியே சொன்னா நாளைக்கு மாப்பிள்ளை அமையாதேன்னு மூடி வச்சோம்” என்று அந்தத் தாய் அழுதார். ஆபரேஷன் செலவுக்கு நாம் வசூல் செய்துவிடலாம். போன மூன்று வருடத்தை எந்த ஜகாத் பணத்தாலும் வாங்கித் தர முடியாது. அதனால்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

இந்தக் குறைக்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு, திருகவும் செய்யும். எக்ஸ்ரேயில் வளைவு 10 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் ஸ்கோலியோசிஸ் என்பார்கள். வளரும் பிள்ளைகளில் 100-க்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு. பெரும்பாலானோருக்குக் காரணம் இன்னதென்று தெரியாது. புத்தகப் பையோ, கோணலாக உட்கார்ந்ததோ, யாருடைய கண்ணேறோ இதற்குக் காரணம் அல்ல. பிள்ளையைத் திட்டாதீர்கள், உங்களையும் நொந்துகொள்ளாதீர்கள்.

உடல் வேகமாக வளரும் வயதில்தான் வளைவும் வேகமாகக் கூடும். பெண் பிள்ளைகளுக்கு அது ஏறக்குறைய 10 முதல் 14 வயது. பையன்களுக்குச் சற்றுப் பின்னால். வளைவு பெரிதாகும் அபாயம் பெண் பிள்ளைகளுக்கே அதிகம். பெரும்பாலும் வலி இருக்காது. நம் பிள்ளைகளின் தளர்வான உடையும் முதுகை மறைத்துவிடும். எனவே தாய்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பது சுலபம். மெல்லிய உடையில், பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், ருகூவில் குனிவதுபோல் குனியச் சொல்லுங்கள். கைகள் மட்டும் முழங்காலைப் பிடிக்காமல், சேர்ந்தபடி கீழே தொங்கட்டும். பின்னால் நின்று பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு தோள் உயர்ந்திருப்பது, துப்பட்டா எப்போதும் ஒரே பக்கம் சரிவது, இடுப்பின் இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாதது ஆகியவையும் அடையாளங்கள்தாம். இரவில் கடும் வலியோ, காலில் பலவீனமோ, மரத்துப்போதலோ இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

அடுத்தது சிகிச்சை. பொதுவாக 25 டிகிரிக்குள் இருந்தால், சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொண்டு பிசியோதெரபி செய்வார்கள். 25 முதல் 40 வரை இருந்து, பிள்ளை இன்னும் வளர்வதாக இருந்தால் பிரேஸ் எனும் பட்டையும் அணிவிப்பார்கள். 45, 50-ஐத் தாண்டினால்தான் ஆபரேஷன் பேச்சு.

வளைவுக்கென்றே தனிப் பயிற்சி முறைகள் உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த கத்தரீனா ஷ்ரோத் என்ற பெண்மணிக்கே இந்த வளைவு இருந்தது. எஃகு பிரேஸ் அணிந்து வளர்ந்தவர். கண்ணாடி முன் நின்று தன் முதுகைத் தானே திருத்தி, உட்குழிந்த பக்கத்திற்கு மூச்சைச் செலுத்தப் பழகினார். 1921-இல் அதையே பிறருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அந்த முறை இன்றும் உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. பிள்ளைக்குப் பிள்ளை வளைவு வேறு, பயிற்சியும் வேறு. அதனால் செல்போன் வீடியோவைப் பார்த்துச் செய்ய வேண்டாம். பிசியோதெரபிஸ்டிடம் கற்று, வீட்டில் தினமும் செய்ய வேண்டும். பெண் பிசியோதெரபிஸ்டுகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்டுப் போங்கள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: பயிற்சி மட்டும் பெரிய வளைவை நிமிர்த்திவிடாது. சிறிய வளைவு கூடாமல் காக்கவும், தசையையும் மூச்சையும் பலப்படுத்தவும் உதவும். பிரேஸின் பலனுக்குத் தெளிவான சான்று உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 சதவீதத்தினருக்கு வளைவு 50 டிகிரியை எட்டவில்லை. அணியாதவர்களில் அது 48 சதவீதமே. தினமும் 13 மணி நேரம் அளவுக்கு அணிந்தவர்களில் 90 சதவீதத்திற்கும் மேல் பலன் கண்டார்கள். ஒளுவுக்கும் குளிப்பிற்கும் கழற்றிக்கொள்ளலாம். எண்ணெய் தடவி எலும்பை நெட்டி எடுப்பவர்களிடம் மட்டும் பிள்ளையைக் கொடுத்துவிடாதீர்கள்.

திருமணக் கவலைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த வளைவு உள்ள பெண்களில் பெரும்பாலோர் திருமணம் முடித்து, பிள்ளை பெற்று, நலமாகவே வாழ்கிறார்கள். மறைப்பதால் வளைவு நிற்காது, வளரத்தான் செய்யும். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம். பிள்ளையின் உடலோ இரட்டை அமானிதம்.

சந்தேகம் இருந்தால் முதலில் பழனி அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். ஆபரேஷன் தேவை என்றால் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். பிரேஸ் வாங்க வசதி இல்லாதவர்கள் நமது டிரஸ்ட் அலுவலகத்திற்கு வாருங்கள். பெயர் வெளியே வராது. அதற்கு நான் பொறுப்பு. இன்ஷா அல்லாஹ், முடிந்ததைச் செய்வோம்.

இன்று வீட்டுக்குப் போனதும், பத்து வயதைக் கடந்த பிள்ளையை ஒருமுறை குனியச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான். அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக, ஆமீன்.