இரண்டு கன்னிவாடி, ஒரே பெட்டி

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்ப் பட்டியலைக் கணினியில் இறக்கினால், ஊருக்கு ஒரு வரியாக ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். அத்தனையையும் கண்ணால் பார்க்க யாராலும் முடியாது. அதனால் 'லூப்' என்கிற சின்ன நிரலை ஏவிவிடுகிறோம். ஒரு வரியை எடு, சொன்னதைச் செய், அடுத்ததை எடு, தீர்ந்ததும் நில்: அதற்குத் தெரிந்தது இவ்வளவுதான். அலுப்புத் தட்டாது, வரியைத் தாண்டாது. அந்த மட்டில் அதை நம்பலாம். ஆனால் எல்லா வரியையும் அது தொட்டுவிட்டது என்பதற்காக, எல்லா வரியும் நம் கையில் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

கன்னிவாடியையே எடுத்துக்கொள்வோம். பழனி மலையடிவாரத்தில், திண்டுக்கல்லுக்கு மேற்கே இருக்கும் பேரூராட்சி. ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன இன்னொரு கன்னிவாடி தாராபுரம் வட்டத்தில் இருக்கிறது. அதுவும் பேரூராட்சிதான், எழுத்துக்கு எழுத்து அதே பெயர். நிரல் எழுதுகிறவர் ஊர்ப் பெயர் ஒட்டிய பெட்டிகளில் விவரத்தைப் போட்டு வைக்கச் சொல்கிறார் என்று வையுங்கள். பைத்தான் மொழியில் இதற்கு 'டிக்‌ஷனரி' என்று பெயர். முதல் கன்னிவாடி வருகிறது, பெட்டிக்குள் போகிறது. வரிகள் ஓடுகின்றன. இரண்டாவது கன்னிவாடி வரும்போது அந்தப் பெயரில் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது. நிரல் பழையதைக் கொட்டிவிட்டுப் புதியதைப் போடுகிறது. எச்சரிக்கை இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. ஓர் ஊரே காணாமல் போய்விட்டது. நிரலோ வேலை முடிந்ததென்று நிற்கிறது. சிக்கிக்கொண்டு நின்றுபோகும் நிரலைவிட இது மோசம்; நின்றுபோனாலாவது ஆள் வந்து பார்ப்பார்.

மாவட்டப் பெயரையும் சேர்த்துக்கொண்டால் தீர்ந்ததே என்பீர்கள். ஒரே ஆண்டின் பட்டியலுக்கு அது போதும். ஆனால் திண்டுக்கல் மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1985இல். தாராபுரம் வட்டம் 2009இல்தான் ஈரோட்டிலிருந்து திருப்பூருக்குப் போனது. 2001 பட்டியலையும் 2011 பட்டியலையும் இணைத்தால், ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, 'ஈரோடு கன்னிவாடி' மறைந்து 'திருப்பூர் கன்னிவாடி' புதிதாக முளைக்கும். முன்பு இரண்டு ஊர் ஒன்றானது. இப்போது ஓர் ஊர் இரண்டாகிறது. மலைமேல் இருக்கும் கொடைக்கானலுக்கு மாவட்டம்கூட மாற வேண்டாம். அதன் முதலெழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் பதியலாம். நம் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. லூப்புக்கு அவை இரண்டு ஊர்கள்.

பெயரை விட்டு எண்ணைப் பிடிப்பதே வழி என்பது என் கட்சி. 2011 கணக்கெடுப்பு ஒவ்வோர் ஊருக்கும் நகரத்துக்கும் ஆறு இலக்க எண் கொடுத்திருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பில் எண்ணும் மாறாதா என்று கேட்கலாம். மாறலாம், 2001இன் எண்கள் வேறாகத்தான் இருந்தன. அதற்காகத்தான் பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று காட்டும் பட்டியல் ஒன்றைத் தனியே வைத்திருக்க வேண்டும். அதைத் தயாரிப்பது லூப்பின் வேலையல்ல. இரண்டு கன்னிவாடியையும் அறிந்த ஆள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியது அது. லூப்பிடம் கூடுதலாகக் கேட்க வேண்டியது ஒன்றே: படித்த வரி எத்தனை, பெட்டி எத்தனை என்று கடைசியில் அச்சிடச் சொல்லுங்கள். ஒன்று குறைந்தாலும், எந்த ஊர் விழுந்தது என்று அப்போதே தேடலாம்.