தடுப்பூசி எதைத் தடுக்கிறது?



மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு, ஒரு சொல்லின் பொருள் சற்றே பிறழ்ந்தாலும் அதன் விளைவு எவ்வளவு தூரம் செல்லும் என்பது தெரிந்திருக்க வேண்டும். எனினும், அத்தகைய பிழை ஒன்றை நானே என் வீட்டினுள் செய்தேன். 2022-ஆம் ஆண்டு பொங்கலுக்கு முதல் நாள், தில்லியில் கல்லூரி வளைகோல் பந்தாட்டக் குழுவில் இருந்த என் அக்காள் மகன் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, நான் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டுவிட்டேன். பாட்டியைப் பார்க்க வரலாமா?" நான், "தடுப்பூசிதான் போட்டாயிற்றே, தாராளமாக வா" என்றேன்.

வந்தான். பாட்டியின் அருகில் அமர்ந்து பொங்கல் உண்டான். மறுநாள் அவனுக்குத் தொண்டை கரகரத்தது. நான்காம் நாள் என் தாயார் காய்ச்சலில் படுத்தார். இருவருக்கும் கொரோனா என்று சோதனை காட்டிற்று. அம்மா பத்து நாளில் எழுந்து நடமாடினார். அவரும் ஊசி போட்டுக்கொண்டிருந்ததே அதற்குப் பெருந்துணை என்றார் மருத்துவர். பேரன் போட்டுக்கொண்ட ஊசி பாட்டியைக் காக்கவில்லை. பாட்டி போட்டுக்கொண்ட ஊசியே பாட்டியைக் காத்தது. இந்த வேறுபாட்டை அன்று நான் அறிந்திருக்கவில்லை.

தடுப்பூசி என்பது சுருங்கிய சொல். எதைத் தடுக்கும் ஊசி என்பது அதனுள் தொக்கி நிற்கிறது. விரித்துப் பார்த்தால் மூன்று பொருள்கள் கிடைக்கும். நோய் முற்றி ஆளை வீழ்த்தாமல் தடுப்பது ஒன்று. வைரஸ் உடலில் தொற்றாமலே தடுப்பது மற்றொன்று. ஒருவரிடமிருந்து பிறருக்குப் பரவாமல் தடுப்பது மூன்றாவது. இம்மூன்றும் எப்போதும் சேர்ந்தே வருவன அல்ல.

இம்மயக்கம் என் ஒருவனுக்கே உரியதன்று. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமும் 2021-இல் இதே இடத்தில் இடறிற்று. அவ்வாண்டு ஜூன் மாதம் ஒமாஹா நகரில் கல்லூரிகளுக்கான பேஸ்பால் தொடர் நடைபெற்றது. ஊசி போட்டுக்கொண்ட ஆட்டக்காரர்களுக்கு வழக்கமான சோதனை வேண்டுவதில்லை என்பது விதி. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகக் குழு முதல் இரண்டு ஆட்டங்களிலும் வென்றது. இன்னும் ஒரு வெற்றி கிடைத்தால் இறுதிப் போட்டி. அந்நிலையில் குழுவில் சிலருக்குத் தொற்று காணப்பட்டது. ஜூன் 25-ஆம் நாள், எஞ்சிய 13 பேரைக் கொண்டே ஆடி, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திடம் 3-க்கு 1 என்று தோற்றது. பின்னர்ச் சோதனையை விரிவாக்கியபோது, ஊசி போட்டுக்கொண்டவர் சிலரிடமும் வைரஸ் இருந்தது. நள்ளிரவு கடந்தபின் அறிவிப்பு வந்தது: அடுத்த ஆட்டம் இல்லை, குழு ஊர் திரும்பவேண்டும்.

அடுத்த மாதமே மாசச்சூசெட்ஸ் மாநிலத்துப் பார்ன்ஸ்டபிள் மாவட்டத்தில் கோடை விழாக்களை ஒட்டித் தொற்று பரவிற்று. கணக்கிடப்பட்ட 469 பேரில் 346 பேர் ஊசியை முறையாகப் போட்டுக்கொண்டவர்கள். ஆயினும், மருத்துவமனையில் சேர்ந்தோர் ஐவரே, இறந்தவர் எவருமில்லை. தொற்று நின்றதா என்று கேட்டால் இல்லை. உயிர் காக்கப்பட்டதா என்று கேட்டால் ஆம். ஒரே நிகழ்ச்சி இரு கேள்விகளுக்கு இரு விடை தருகிறது.

உண்மையில், ஊசியை ஆராய்ந்தவர்கள் மிகுதியாக ஒன்றும் கூறிவிடவில்லை. ஃபைசர் நிறுவனம் 2020-இல் ஏறத்தாழ 43,000 பேரிடம் சோதனை நடத்தி, 95 விழுக்காடு பயன் என்று அறிவித்தது. அங்கே அளக்கப்பட்டது நோய்க்குறியுடன் வெளிப்பட்ட நோய். பிறருக்குப் பரவுகிறதா என்பது அச்சோதனையின் வினாவே அன்று. ஒரு வினாவுக்குக் கிடைத்த விடையை மற்றொரு வினாவுக்குரிய விடையாக நாம் எடுத்துக்கொண்டோம்.

அப்படியானால் தடுப்பூசிகள் பரவலைத் தடுப்பதே இல்லையோ என்று ஐயுற வேண்டா. தட்டம்மையைப் பாருங்கள். 1989-இல் நியூயார்க் மாநிலத்துச் சியனா கல்லூரியில் தட்டம்மை தோன்றியது. அதன் கூடைப்பந்துக் குழு ஹார்ட்ஃபோர்டு நகரில் பார்வையாளர் ஒருவருமின்றி, வெற்று இருக்கைகளின் முன்னே ஆடி வாகை சூடியது. அக்காலத்துப் பரவல்களைக் கண்ட வல்லுநர்கள் ஒரு முறை போட்டால் போதாது, இரு முறை போடவேண்டும் என்று அவ்வாண்டே பரிந்துரைத்தனர். இரு முறை போட்டால் நூற்றுக்கு 97 பேர் காக்கப்படுகின்றனர். அவர்களிடம் வைரஸ் தங்குவதுமில்லை, அவர்களிடமிருந்து பரவுவதுமில்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கா தன் மண்ணில் தட்டம்மையின் தொடர் பரவல் நின்றது என்று அறிவித்தது.

ஏன் இந்த வேறுபாடு? தட்டம்மை வைரஸ் உடலினுள் புகுந்து, குருதி வழியே சுற்றி, மீண்டும் மூச்சுப் பாதைக்கு வந்து வெளியேறப் பத்து நாள் அளவு ஆகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் பழைய பகைவனை நினைவு கூர்ந்து படை திரட்ட அந்த அவகாசம் போதும். கொரோனா வைரஸோ மூக்கிலும் தொண்டையிலுமே பெருகி, இரண்டு மூன்று நாளில் அங்கிருந்தே வெளியேறிவிடுகிறது. கையில் போடும் ஊசியால் குருதியில் எதிர்ப்பொருள் மிகுகிறது. மூக்கின் ஈரப்பரப்பில் அவ்வளவாக இல்லை. அரண்மனையைக் காக்கும் வீரர் பலர். கோட்டை வாயிலில் நிற்போர் சிலரே. அச்சிலரும் சில மாதங்களில் குறைகின்றனர். வைரஸும் உருமாறி வருகிறது.

குறைந்த தடுப்பும் தடுப்பே. 2021-இன் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆராய்ந்தபோது, ஊசி போட்டபின் தொற்றுற்றவரிடமிருந்து வீட்டாருக்குப் பரவுவது 40 முதல் 50 விழுக்காடு வரை குறைந்திருந்தது. டெல்டா, ஒமிக்ரான் என்று வைரஸ் உருமாறியபோது அந்த நன்மை சுருங்கிற்று.

இனி, இளம் ஆட்டக்காரரிடம் நாம் என்ன சொல்வது? அவர்களுக்குக் கொரோனாவால் உயிருக்கு நேரும் ஆபத்து குறைவு. சில ஊசிகளுக்குப்பின் இளைஞர் சிலருக்கு இதயத்தசை அழற்சி ஏற்பட்டதும் உண்டு. அது அரிது, பெரும்பாலோர் குணமடைந்தனர். ஆயினும் அது நேர்ந்த ஆட்டக்காரன் மாதக்கணக்கில் களத்திற்கு வெளியே நிற்கவேண்டும். ஆகவே, "உனக்காகப் போட்டுக்கொள்" என்பதோடு "பிறருக்காகப் போட்டுக்கொள்" என்றும் சேர்த்துச் சொல்லப்பட்டது. அந்த இரண்டாம் கூற்று எவ்வளவு உண்மையோ, அவ்வளவுக்கே அதைக் கொண்டு வற்புறுத்தலாம். நம் உச்ச நீதிமன்றமும் 2022 மே 2-ஆம் நாள் தந்த தீர்ப்பில், எவரையும் ஊசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த இயலாது என்றது. போடாதவரால் நோய் பரவும் ஆபத்து, போட்டவரால் பரவுவதைவிட மிகுதி என்பதற்குச் சான்று முன்வைக்கப்படவில்லை என்றும் சுட்டியது. அதே தீர்ப்பு, அரசின் தடுப்பூசிக் கொள்கை முறையற்றதன்று என்றும் ஏற்றது.

ஊசியைக் குறைத்துப் பேசினால் உயிர் போகும். கூட்டிப் பேசினால் நம்பிக்கை போகும். நம்பிக்கை போனபின், தட்டம்மை ஊசியைக்கூடப் பிள்ளைகளுக்குப் போடத் தயங்குவோர் பெருகுவர். உள்ளதை உள்ளவாறு சொல்வதே இரண்டையும் காக்கும் வழி.

ஆண்டுக்கு ஒரு முறை புகைவண்டி ஏறி ஊருக்குச் சென்று முதியோரைக் காணும் நம்மைப் போன்றோருக்கு இது ஏட்டுக் கல்வி அன்று. முதியோருக்கு மருத்துவர் கூறும் ஊசியை உரிய காலத்தில் போடுவியுங்கள். அது அவர்களுக்கு அரண். நமக்கு இருமலோ காய்ச்சலோ இருந்தால், எத்தனை ஊசி போட்டிருப்பினும், பயணத்தைச் சில நாள் தள்ளி வையுங்கள்; அதுவும் அவர்களுக்கு அரண். என் அக்காள் மகன் இப்பொழுது வீட்டிற்கு வருமுன், "தொண்டை நன்றாக இருக்கிறது மாமா, வரலாமா?" என்று கேட்கிறான். அவன் கேள்வியைத் திருத்திக்கொண்டான். நானும் என் விடையைத் திருத்திக்கொண்டேன்.